அந்த வெள்ளைக் கோடு படத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வாசகர்கள் அனுப்பும் பழைய குடும்பப் படங்களுக்கான பக்கத்தில் ஒரு கல்யாணப் படம் வந்திருந்தது. வீட்டு வாசலில் போட்ட பந்தல். மணமக்கள் மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் இரண்டு வரிசையில் உறவுக்காரர்கள். மாப்பிள்ளையின் தோளை ஒட்டி ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று நிற்கிறது. படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை நூல் பிடித்ததுபோல நேராக ஒரு வெள்ளைக் கோடு. அது அந்தப் பிள்ளையின் ஒரு கண்ணை அப்படியே மறைத்துவிட்டது. படம் ரொம்பவும் பழுதாகிவிட்டது, எப்படியோ வீட்டு ஸ்கேனரில் ஏற்றிவிட்டதால் இனிக் கவலையில்லை என்று அனுப்பியவர் எழுதியிருந்ததையும் கீழே போட்டிருந்தீர்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. அந்தக் கோடு படத்தில் இல்லை, ஸ்கேனரில் இருக்கிறது. 2021-இல் என் வீட்டு ஸ்கேனரிலும் இதே கோடு நான்கு மாதம் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டை மற்றவர்கள் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொலைபேசித் துறையில் 33 வருடம் வேலை பார்த்தவள். டிரங்க் கால் போடும் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு பழுதுப் பிரிவுக்கு வந்தேன். 2020 ஜனவரி கடைசியில் பி.எஸ்.என்.எல் ஊழியர்கள் பல்லாயிரம் பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறியபோது நானும் வந்துவிட்டேன். 198 என்ற பழுதுப் புகார் எண்ணுக்கு அழைப்பு வந்தால் நாங்கள் முதலில் செய்வது ஒன்றுதான். எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப் என்று ஒரு பெரிய இரும்புச் சட்டம் இருக்கும். ஊருக்குள்ளிருந்து வரும் கேபிளும் உள்ளே இருக்கும் கருவியும் அங்கேதான் சேரும். அந்த இடத்தில் லைனைப் பிரித்து, பழுது உள்ளேயா வெளியேயா என்று பார்ப்போம். அது தெரியாமல் லைன்மேனைக் கம்பத்தில் ஏற்றினால் அவருக்கு ஒரு நாள் வீண், சந்தாதாரருக்கும் ஒரு நாள் வீண்.

அம்மா இறந்த பிறகு, கோவில்பட்டியில் எங்கள் பழைய வீட்டுப் பரணிலிருந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், எதையும் தூக்கிப் போடமாட்டார். பெட்டியில் 340 படங்களும், ஒரு கட்டு இன்லேண்ட் கடிதங்களும், அப்பா கத்தரித்து வைத்த செய்தித்தாள் துண்டுகளும் இருந்தன. அதற்காகத்தான் மெல்லிய பலகைபோல இருக்கும் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கினேன். பத்துப் படம் ஏற்றுவதற்குள் கோடு வந்துவிட்டது. படங்கள்தான் கீறல் விழுந்து கெட்டுவிட்டன என்று நானும் முதலில் நினைத்தேன். அதன்பிறகுதான் எம்.டி.எஃப் ஞாபகம் வந்தது.

கண்ணாடியில் வைத்த படத்தைப் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை தள்ளி வைத்து மறுபடியும் ஸ்கேன் செய்து பாருங்கள். குறை படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது படத்தின் குறை. படம் நகர்ந்தும் குறை பழைய இடத்திலேயே நின்றால் அது கருவியின் குறை. ஒரு நிமிடம்தான் ஆகும். வீட்டில் ஸ்கேனர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த ஒரு சோதனை தெரிந்தால் போதும், பாதிப் படங்கள் தப்பிவிடும்.

கருவிதான் என்று தெரிந்துவிட்டதா? அப்புறம் குறையின் உருவத்தைப் பார்க்க வேண்டும். புள்ளியாக இருந்தால் கண்ணாடியின் மேல் தூசியோ கைரேகையோ இருக்கிறது என்று அர்த்தம், துடைத்தால் போய்விடும். பக்கம் முழுவதும் நேர்கோடாக ஓடினால் கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தாலும் போகாது. நான் இரண்டு மாதம் துடைத்தேன்.

கண்ணாடிக்கு அடியில் ஒரு கோல் வெளிச்சத்தோடு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒளியை உணரும் கண்கள் ஒரே வரிசையில் நெருக்கமாக இருக்கின்றன. 600 டிபிஐ என்றால், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால், ஏ4 அகலத்துக்கு ஏறத்தாழ 5,000 கண்கள். கோல் ஓடத் தொடங்கும் ஓரத்தில், பிளாஸ்டிக் சட்டத்துக்கு அடியில், நம் பார்வைக்குத் தெரியாமல் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கும். வேலையைத் தொடங்குமுன் கோல் அந்தப் பட்டையைப் பார்த்து, எது வெள்ளை என்று ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளவு வைத்துக்கொள்கிறது. பட்டையில் ஓரிடத்தில் தூசி இருந்தால், அதற்கு நேராக இருக்கும் கண்ணுக்கு வெளிச்சம் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்ட அந்தக் கண்ணின் அளவை மட்டும் கருவி கூட்டிவிடுகிறது. கூட்டிய அளவோடு பக்கம் முழுவதும் ஓடினால் அந்த ஒரு தடம் மட்டும் வெளுத்துப்போகும். அதுதான் வெள்ளைக் கோடு. தாள்களை மேலே அடுக்கி வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் பெரிய கருவிகளில் வேறு விதம். அங்கே கோல் நிற்கும், தாள்தான் ஓடும். ஓரத்தில் இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் ஒரு துளி பசையோ மையோ ஒட்டியிருந்தாலே எல்லாப் பக்கங்களிலும் கறுப்புக் கோடு விழும். அந்தப் பட்டையை மட்டும் துடைத்தால் சரியாகிவிடும்.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. சென்சார் போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாரண்டி முடிந்திருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து நானே திறந்தேன். வெள்ளைப் பட்டையின் மேல் கண் இமை முடி அளவுக்கு ஒரு பஞ்சு இழை கிடந்தது. அவ்வளவுதான். எங்கள் பக்கம் கரிசல் காடு. கோடையில் காற்றடித்தால் பூட்டிய அறைக்குள்ளும் தூசி வந்து உட்காரும், இழையும் பறக்கும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு மூடினேன். அன்று மாலை அம்மா அப்பாவின் 1961 கல்யாணப் படத்தை ஏற்றினேன், கோடு இல்லை.

எல்லோரையும் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே ரிப்பன் போன்ற கேபிள் இருக்கும், அவசரத்தில் இழுத்தால் அறுந்துவிடும். வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம், பட்டையைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன்னால், மின்சாரத்தை எடுத்துவிட்டு, ஸ்கேனரை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சில சமயம் தூசி விழுந்துவிடும். கருவியோடு வரும் மென்பொருளில் அளவைத் திரும்பச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் ஓட்டிப் பார்க்கலாம்.

துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் நிலைக்கண்ணாடியைச் செய்தித்தாளும் தண்ணீரும் வைத்துத் துடைத்துப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் துடைத்தேன். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடி முழுவதும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். துணியில்தான் விடவேண்டும், கண்ணாடியின் மேல் தெளிக்கக் கூடாது. தெளித்தால் ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கிவிடும். துடைத்தது போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணாடியில் எதையும் வைக்காமல், மூடியைத் திறந்துவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். பக்கம் கன்னங்கரேலென்று வரவேண்டும். தூசி இருந்தால் வானத்து நட்சத்திரம்போலப் பளிச்சென்று தெரியும். பக்கம் முழுவதும் பால் கலந்ததுபோலச் சாம்பலாக வந்தால் கண்ணாடியின் உட்பக்கத்தில் படலம் படிந்திருக்கிறது. தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு ஸ்கேனரில் அப்படித்தான் இருந்தது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது ஈரப்பூப்பு தெரிந்தது.

அடுத்து, மங்கல். இதற்குத்தான் பலர் படத்தைக் குறை சொல்கிறார்கள். இப்போது வீடுகளில் வாங்கும் மெல்லிய ஸ்கேனர்களில் அந்தக் கோல் கண்ணாடியை ஒட்டியே ஓடுகிறது. கண்ணாடியில் படிந்திருக்கும் பொருள்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தாலே கலங்கிவிடும். ஃபிரேமைக் கழற்றாமல் அப்படியே கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்தால் ஃபிரேம் கண்ணாடியின் கனம் ஒன்றே போதும், முகங்கள் எல்லாம் பனிக்குள் நிற்பதுபோல ஆகிவிடும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் கனமான அட்டையில் ஒட்டிக் கொடுத்த படங்களும், ஓரம் சுருண்ட ப்ரோமைடு எனும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் இதே கதைதான். தடித்த பெட்டிபோல இருக்கும் பழைய மாதிரி ஸ்கேனர்களில் கண்ணாடி வில்லையும் நிலைக்கண்ணாடிகளும் இருப்பதால் அவை கொஞ்சம் ஆழம் வரை பார்க்கும். யாராவது அதை வீட்டில் ஒரு மூலையில் போட்டிருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். தையல் பிரிக்க முடியாத புத்தகம், அட்டையில் ஒட்டிய படம் இவற்றுக்கெல்லாம் அதுதான் நல்லது.

சுருண்ட படத்தை நிமிர்த்த அதை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே நாலைந்து கனமான புத்தகங்களை ஒரு வாரம் அடுக்கி வைத்தேன். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. ஸ்கேனர் மூடியின் மேல் கையை ஊன்றி அழுத்துவதும் கூடாது, கண்ணாடி விரிசல் விடும்.

படத்தில் நேராக இருக்க வேண்டிய தூணோ கதவோ பாம்பு நெளிவதுபோல வந்தால் மேசை ஆடுகிறது என்று பொருள். நான் தையல் மெஷின் மேசையில் வைத்திருந்தேன். தரைக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. ஸ்கேனரை யுஎஸ்பி பிரிப்பானில் செருகாமல் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகினால், ஓட்டம் நடுவில் விக்கி நிற்பதும் நின்றுவிடும்.

இனி நான் சொல்லப் போவதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

எங்கள் ஆச்சியின் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று செ.மீ. அகலம் இருக்கும், ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மூலை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த ஆல்பம் மதுரையில் அண்ணன் வீட்டில் இருந்தது. 2012-இல் வீடு மாறும்போது அண்ணன் ஆல்பத்தில் இருந்த 64 படங்களையும் ஒரே மதியத்தில் ஸ்கேன் செய்தார். நான்கு நான்கு படமாகக் கண்ணாடியில் பரப்பி, மென்பொருள் என்ன அளவில் நின்றதோ அதே அளவில். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு தங்கச்சி, இனி எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கலாம் என்று போனில் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பூச்சி அரித்த ஆல்பம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

அந்த ஸ்கேன்கள் 150 டிபிஐ. மூன்று செ.மீ. அகலப் படம் 150 டிபிஐயில் வெறும் 177 பிக்சல், அதாவது 177 புள்ளி அகலம். அதற்குள்தான் ஆச்சியின் முகமும், கழுத்தும், சேலைத் தலைப்பும், பின்னால் இருக்கும் திரைச்சீலையும் எல்லாம் அடங்க வேண்டும். முகத்துக்கு ஐம்பது பிக்சல்கூட மிஞ்சவில்லை. அதையும், கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வடிவம் அமுக்கிச் சதுரம் சதுரமாக்கிவிட்டது. காதில் பாம்படம் தொங்குவது தெரிகிறது. கண் எப்படி இருந்தது, சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. இதையே 1200 டிபிஐயில் எடுத்திருந்தால் 1,400 பிக்சல் கிடைத்திருக்கும். அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று தெரியாது.

தம்பி மகன் அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு, அத்தை, ஆச்சி தெளிவாயிட்டாங்க பாருங்க என்று கொண்டுவந்து காட்டினான். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆச்சி இல்லை. அப்பா முகத்தின் சாயல் கொஞ்சம்கூட இல்லாத யாரோ ஒரு அம்மாள், ஆச்சியின் பாம்படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கேனில் இல்லாத முகத்தை அந்தச் செயலி எங்கிருந்து எடுக்கும்? அதுவாக ஒன்றை வரைந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை அன்போடுதான் செய்தான். ஆனாலும் அந்தப் படத்தை வீட்டில் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அளவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். மென்பொருள் திறந்ததும் டாகுமெண்ட் என்ற நிலையில் 200 அல்லது 300 டிபிஐயில் நிற்கும். ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் அது போதும். போஸ்ட்கார்டு அளவுள்ள படத்துக்கு 600 வைத்தால் 2400-க்கு 3600, அதாவது 86 லட்சம் பிக்சல் கிடைக்கும். பழைய பிரிண்டில் இருக்கும் விவரம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். ஸ்டாம்ப் சைஸ், பாஸ்போர்ட் சைஸ் போன்ற சின்னப் படங்களுக்கு 1200. அதற்குமேல் போவதில் பயனில்லை. சில மென்பொருளில் 9600, 19200 என்றெல்லாம் எண் காட்டும். அது கருவியின் கண் பார்த்தது அல்ல, பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடையில் நிரப்பியது. கோப்பு மட்டும் பெருக்கும். நெகட்டிவ்களுக்கு 2400-க்குக் குறையாமல் வேண்டும், ஆனால் அதற்கு மூடியிலும் விளக்கு உள்ள கருவி தேவை. சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்புத் துண்டுதான் வரும்.

சேமிக்கும்போது டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள். போஸ்ட்கார்டு படம் ஒன்று டிஃப்பில் 26 எம்பி வரும். 340 படத்துக்கும் கணக்குப் போட்டால் ஒன்பது ஜிபிகூட ஆகாது, ஒரு சின்னப் பென்டிரைவில் அடங்கும். ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போய்விடும். போனது திரும்பாது.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எல்லாம் வீண். அது தன் வசதிக்குச் சுருக்கிவிடும். அம்மா அப்பா கல்யாணப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போடத் தம்பிக்கு அனுப்பினேன். கடைக்காரர் படம் சுமார்தான் என்றாராம். 26 எம்பியாக எடுத்த படம் அவன் கைக்கு 300 கேபிதான் போயிருந்தது. அதே படத்தை டாகுமெண்ட்டாக இணைத்து அனுப்பியபோது, அம்மாவின் நெற்றிச்சுட்டியில் இருக்கும் கல்லை எண்ண முடிந்தது. உங்கள் அலுவலகத்துக்கு வரும் படங்களில் எத்தனை இப்படிச் சுருங்கி வருகின்றனவோ.

செய்தித்தாளில் வந்த படத்தை ஸ்கேன் செய்தால் அதன்மேல் பட்டுச்சேலை மினுங்குவதுபோல அலை அலையாக ஒரு கோலம் விழும். அச்சில் இருப்பது புள்ளிகள். அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் உரசுவதால் வருவது அது. மென்பொருளில் டீஸ்கிரீன் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 600-இல் எடுத்துப் பாதியாகச் சுருக்குங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் துண்டின் முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்து மூடுங்கள். மூடியின் வெள்ளை நிறம்தான் பின்பக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஸ்கேனரால் முடியாத படங்களும் உண்டு. 80-களின் கலர் படங்கள் பலவற்றில் பட்டுத்துணிபோலச் சொரசொரப்பான தாள் போட்டார்கள். கையில் பார்க்க அழகு. ஸ்கேனரில் வைத்தால் ஒவ்வொரு மேடும் ஒரு வெள்ளைப் பொட்டாக மின்னும். என் கல்யாண ஆல்பம் முழுவதும் அந்தத் தாள். ஒரே படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திருப்பி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாதியாகக் கலந்தேன். மின்னல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம். கடைசியில், காலை ஒன்பது மணிக்கு, நேர்வெயில் படாத வடக்குத் திண்ணையில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக் கேமராவில் எடுத்துவிட்டேன். அதுதான் நன்றாக வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் இருண்ட பகுதியில் நீலமாக ஒரு வெள்ளிப் பளபளப்பு ஏறியிருந்தாலும் இதே வழிதான். அது படத்தில் இருக்கும் வெள்ளியே மேலே வந்து படிவது, அழுக்கு என்று துடைக்க வேண்டாம்.

சிவந்துபோன கலர் படங்களைக் கருவி தானாகத் திருத்தட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருக்கிறபடியே எடுத்து வையுங்கள். நிறத்தை நகலில் திருத்திக்கொள்ளலாம்.

அம்மாவின் இன்லேண்ட் கடிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலத் தாள், நீல மை. கறுப்பு வெள்ளை நிலையில் ஸ்கேன் செய்தேன், பாதிக் கடிதம் கரியாகிவிட்டது. மீதியில் புள்ளிகள் காணாமல் போய்விட்டன. தமிழுக்குப் புள்ளி போனால் என்ன ஆகும்? எந்த எழுத்து மெய், எது உயிர்மெய் என்று தெரியாமல் ஒவ்வொரு சொல்லையும் தட்டித் தடவிப் படிக்க வேண்டியிருந்தது. பிறகு கலரில் 400 டிபிஐயில் எடுத்து, கிம்ப்பில் அந்தப் படத்தின் சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு ஒளியில் நீல மை கறுத்து நிற்கும், வெளிர்நீலத் தாள் அந்த அளவுக்குக் கறுக்காததால் எழுத்து பிரிந்து தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவர் என்பதால் அம்மா கடைசிவரை ணை, லை எல்லாவற்றையும் பழைய முறையில் யானைத் தும்பிக்கைபோல வளைத்துத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார். அந்தத் தும்பிக்கை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தபோது அம்மாவின் கையையே பார்த்ததுபோல இருந்தது.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். அந்தப் பக்கத்தின் அடியில், படங்களை 600 டிபிஐயில் எடுத்து மின்னஞ்சலிலோ டாகுமெண்ட்டாகவோ அனுப்புங்கள், படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்பும், யாரோ பென்சிலில் எழுதிய பெயரும் தேதியும் இருக்கும். எங்கள் 340 படங்களில் ஏறத்தாழ நூறு படங்களுக்கு ஆண்டு தெரிந்தது பின்பக்கத்தைப் பார்த்துத்தான்.

இரண்டாவது வேண்டுகோள் அவசரம். அந்தக் கல்யாணப் படத்தை அனுப்பிய வாசகரை உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது இன்றே கூப்பிட்டு, மூலப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். படத்தைக் கண்ணாடியில் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை தள்ளி வைத்து மறுபடியும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். கோடு அப்படியே பழைய இடத்தில் நிற்கும், பிள்ளையின் முகம் அதைவிட்டு விலகி வந்துவிடும். பட்டையைச் சுத்தம் செய்ய முடியாவிட்டாலும் இது போதும். கிடைத்தால் அந்தப் படத்தை உங்கள் பக்கத்தில் இன்னொரு முறை போடுங்கள். அந்தப் பிள்ளையின் இரண்டு கண்ணையும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
கோவில்பட்டி.